ரயிலில் அடிபட்ட புதுக்கார் நம் ஷோரூமுக்கு வருமா? டீலர் கேட்கும் மேல்பணத்தைக் கொடுக்க வேண்டுமா?

மன்னார்குடிப் பக்கத்திலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார். வடக்கே தயாராகும் ஒரு காரை இரண்டு மாதம் முன்னால் புக் செய்திருக்கிறார். இப்போது டீலர், "உங்க வண்டி வந்த சரக்கு ரயில் வழியில தடம்புரண்டுடுச்சு சார், ஸ்டாக் இல்ல. வேற ஒருத்தர் கேன்சல் பண்ணின வண்டி ஒண்ணு யார்டுல நிக்குது. நாற்பதாயிரம் கூட ஆகும், இந்த வாரமே எடுத்துக்கலாம்" என்கிறாராம். இவருக்கு இரண்டு சந்தேகம். கொடுக்கப்போகும் வண்டியே அந்த ரயிலில் அடிபட்டதாக இருந்தால் என்ன செய்வது? அப்புறம், இந்த 40,000 நியாயமா?

நான் இருபத்திரண்டு வருஷம் தஞ்சாவூர், கும்பகோணம், நாகப்பட்டினம் வட்டாரத்தில் மோட்டார் இன்ஷூரன்ஸ் சர்வேயராக வேலை பார்த்தவன். அடிபட்ட வண்டியைப் பார்ப்பதுதான் தொழில். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: கவிழ்ந்த ரயிலில் இருந்த கார் உங்கள் கைக்கு வருவது மிக மிக அரிது. ஆனால் லாரியிலோ யார்டிலோ அடிபட்டு, பட்டி வைத்துப் பெயிண்ட் அடித்து, புதுசு என்று கொடுக்கப்படும் கார் அவ்வளவு அரிதல்ல. நீங்கள் பயப்பட வேண்டியது அதற்குத்தான். 40,000-ஐப் பொறுத்தவரை, அது எதற்கு என்று பில்லில் எழுதித் தராதவரை ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.

முதலில் ரயில் கதை. நம் பக்கத்தில் சரக்கு ரயில் என்றாலே நெல்தான். நீடாமங்கலம் கேட் மூடினால் பஸ்ஸில் இருப்பவர்கள் இறங்கி டீ குடித்துவிட்டு வந்து ஏறுவார்கள். அப்படி நம்மைக் காக்க வைப்பது பெரும்பாலும் அரவைக்குப் போகும் 42 வேகன், 2,000 டன் நெல். காரைக்கால் தடத்தில் துறைமுகத்து நிலக்கரி. டெல்டாவுக்குள் கார் ஏற்றிய ரயில் வந்து நான் பார்த்ததில்லை. தொலைவிலிருந்து வரும் கார்கள் பெரிய ஊர்களில் இருக்கும் இறக்குமிடம் வரை ரயிலில் வந்து, அங்கிருந்து கேரியர் லாரியில்தான் தஞ்சாவூருக்கோ கும்பகோணத்துக்கோ வருகின்றன. ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்தில் தயாராகும் கார்கள் முழு தூரமும் லாரியிலேயே வந்துவிடும். அந்த வட்டாரத்துக் கார்கள் வடக்கே போவதற்குத்தான் வாலாஜாபாத் ஸ்டேஷனில் ரயிலில் ஏற்றுகிறார்கள்.

கார் ஏற்றும் ரயிலைப் பார்த்திருப்பீர்கள், ஆனால் கார் ரயில் என்று தெரிந்திருக்காது. ஓய்வு கொடுத்த பழைய பயணிகள் பெட்டியின் ஜன்னல்களைத் தகடு வைத்து அடைத்து, சீட்டுகளைப் பிடுங்கிவிட்டு, பெட்டியின் முனையில் கதவு வைத்திருப்பார்கள். ஒரு பெட்டியின் முனைக் கதவு வழியாகக் காரை ஓட்டி அடுத்தடுத்த பெட்டிக்குள் கொண்டுபோய் நிறுத்துவது அதில் வழக்கம். பின்னால் வந்தவை இரண்டு அடுக்கு கொண்ட மூடிய வேகன்கள். அப்படி ஒரு முழு ரயிலில் 300 காருக்கு மேல் ஏறும். 2013-ல் மாருதி சுசூகி இப்படிச் சொந்தமாக ரயில் ஓட்டும் உரிமம் வாங்கியது. 2024 மார்ச்சில் குஜராத் ஹன்சல்பூர் தொழிற்சாலைக்குள்ளும், 2025 ஜூனில் ஹரியாணாவின் மானேசர் தொழிற்சாலைக்குள்ளும் தண்டவாளமே வந்துவிட்டது. 2024-25 நிதியாண்டில் அந்த ஒரு நிறுவனம் மட்டும் 5 லட்சத்துக்கு மேற்பட்ட வண்டிகளை ரயிலில் அனுப்பியிருக்கிறது. ஆக, உங்கள் கார் பாதி வழி ரயிலில் வந்திருக்கும் என்று டீலர் சொல்வது நடக்கக்கூடியதுதான்.

ஆனால் 'ரயில் கவிழ்ந்தது, அதனால் ஸ்டாக் இல்லை' என்பதை அப்படியே ஏற்க முடியாது. 2024-25-ல் இந்தியாவில் உற்பத்தியாளர்கள் டீலர்களுக்கு அனுப்பிய பயணிகள் வாகனங்கள் சுமார் 43 லட்சம். மாதத்துக்கு மூன்றரை லட்சம். ஒரு கார் ரயில் முழுசாகக் கவிழ்ந்தாலும் போனது முந்நூறு சொச்சம். அதிலும் நாலைந்து மாடல், ஏழெட்டு நிறம், பல ஊர் டீலர்களின் வண்டிகள். அதனால் ஒரு மாடலுக்கே தட்டுப்பாடு வந்து விலை ஏறிவிட்டது என்றால் கணக்கு உதைக்கிறது. குறிப்பிட்ட ஒருவருடைய கார் அதில் மாட்டியிருக்கலாம். அப்படி மாட்டியிருந்தால் அதற்கு அடையாளம் உண்டு. தொழிற்சாலையை விட்டுக் கிளம்பும்போதே அந்த வண்டிக்கு 17 எழுத்து சேசிஸ் எண் இருக்கும், எந்த டீலருக்குப் போகிறது என்ற பில்லும் இருக்கும். "என் புக்கிங்குக்கு ஒதுக்கின வண்டியின் சேசிஸ் எண்ணைக் கொடுங்கள், கம்பெனி கஸ்டமர் கேரில் நானே கேட்டுக்கொள்கிறேன்" என்று சொல்லுங்கள். எண் இருந்தால் உடனே கொடுப்பார். 'அதெல்லாம் சிஸ்டத்துல இருக்கு சார்' என்று இழுத்தால் உங்களுக்கு வண்டியே ஒதுக்கப்படவில்லை என்று வைத்துக்கொள்ளலாம்.

சரி, நிஜமாகவே தடம்புரண்டால் உள்ளே இருக்கும் கார்களுக்கு என்ன ஆகிறது? வேகன் சாய்ந்தால் கூரை நசுங்கும், கண்ணாடி போகும். அது வெளியே தெரியும். தெரியாத அடிதான் எங்களுக்குப் பெரிய தலைவலி. வேகன் கவிழாமல் தண்டவாளத்தை விட்டு இறங்கி, சல்லியில் குதித்துக் குதித்துப் போய் நின்றிருந்தாலும், உள்ளே சக்கரத்தில் கட்டை கொடுத்து இறுக்கியிருக்கும் கார் அந்தக் குதிப்பு எல்லாவற்றையும் தன் சஸ்பென்ஷனில் வாங்கியிருக்கும். கண்ட்ரோல் ஆர்ம் ஒரு மில்லிமீட்டர் வளைந்திருக்கலாம், இன்ஜின் மவுண்டிங் ரப்பர் கிழிந்திருக்கலாம், ஏர்பேக் சென்சார் இருக்கும் இடத்தில் பிராக்கெட் நெளிந்திருக்கலாம். வெளியே பார்த்தால் பளபளவென்று நிற்கும். பத்தாயிரம் கிலோமீட்டர் ஓடின பிறகு டயர் ஒரு பக்கமாகத் தேயும். இதைப் புதுக்கார் என்று விற்று மூன்று வருஷம் வாரண்டியும் கொடுத்து, நாளைக்கு விபத்தில் ஏர்பேக் விரியவில்லை என்றால் கோர்ட்டுக்குப் போக எந்தக் கம்பெனியும் விரும்பாது. போக்குவரத்து இன்ஷூரன்ஸில் பணம் வந்துவிடும் என்பதால், மொத்தமாகக் கழித்துவிடுவதுதான் அவர்களுக்கு லாபம்.

இதற்கு எல்லோரும் சொல்லும் உதாரணம் ரயில் அல்ல, கப்பல். 2006 ஜூலையில் கூகர் ஏஸ் என்ற கார் கப்பல் வட பசிபிக்கில் ஒரு பக்கமாகச் சாய்ந்துவிட்டது. உள்ளே 4,703 புது மாஸ்டா கார்கள். கப்பல் மூழ்கவில்லை, பெரும்பாலான கார்கள் கட்டின இடத்திலேயே கட்டியபடி இருந்தன. ஆனால் வாரக்கணக்கில் சாய்ந்த நிலையில் தொங்கிக்கொண்டிருந்தன. மாஸ்டா யோசித்துப் பார்த்து, ஒன்றைக்கூட விற்கக் கூடாது என்று முடிவெடுத்து அத்தனையையும் நொறுக்கியது. உதிரி பாகங்கள் வெளிச் சந்தைக்குப் போய்விடக் கூடாது என்று ஏர்பேக்குகளைக்கூட வெடிக்க வைத்துவிட்டுத்தான் நொறுக்கினார்கள். 2019 ஏப்ரலில் அமெரிக்காவின் நெவாடா மாநிலத்தில் ஒரு சரக்கு ரயில் தடம்புரண்டபோது, அப்போதுதான் சந்தைக்கு வந்துகொண்டிருந்த ஜீப் பிக்கப் வண்டிகள் பாலைவனத்தில் சிதறிக் கிடந்த படங்கள் உலகமெல்லாம் சுற்றின. ஆள் காத்திருக்கும் புது மாடலுக்கு இப்படி நடந்தால் வண்டி எப்போது வரும், எவ்வளவு கூடக் கேட்பார்கள் என்ற பேச்சு எந்த ஊரிலும் தானாக எழும்.

நம் நாட்டில் இன்னொரு தடுப்பும் உண்டு. புதுவண்டியை ஆர்டிஓவில் பதிய, டீலர் தரும் விற்பனைச் சான்றான படிவம் 21 வேண்டும். வண்டி சாலைக்குத் தகுதியானது என்று தயாரிப்பாளர் கொடுக்கும் படிவம் 22-ம் வேண்டும். தான் கழித்த வண்டிக்குக் கம்பெனி தெரிந்தே படிவம் 22 கொடுக்காது. அது இல்லாமல் டிஎன் 49-ஓ டிஎன் 50-ஓ கிடைக்காது. கழித்த வண்டிகளில் சில பாலிடெக்னிக், ஐடிஐ பட்டறைகளில் பிள்ளைகள் கழற்றி மாட்டிப் பழகப் போய்ச் சேரும். அதனால் அந்தப் பயத்தை விடுங்கள்.

இனி, நிஜமான பயத்துக்கு வருகிறேன்.

சில வருஷம் முன்னால் கும்பகோணத்தில் ஒரு பள்ளி ஆசிரியரின் கார். வாங்கி நாலு மாதம்கூட ஆகவில்லை. வீட்டு வாசலில் நிறுத்தியிருந்தபோது மாடியிலிருந்து தொட்டி விழுந்து கூரையில் அடி. சின்ன கிளெய்ம்தான், பார்க்கப் போயிருந்தேன். தொட்டி விழுந்த இடத்தில் பெயிண்ட் உடைந்திருந்த விதம் எனக்குப் பிடிக்கவில்லை. கம்பெனி பெயிண்ட் அடிபட்டால் கோடு விழும், சிராயும். இது வடைச்சட்டியில் ஒட்டின மாவு மாதிரி ஏடாகப் பெயர்ந்து வந்தது. அடியில் வெளிர் பழுப்பில் பட்டி. பெயிண்டின் கனத்தை அளக்கும் பெயிண்ட் மீட்டரை வைத்துப் பார்த்தேன். கதவுகளில் 110, 115, 120 மைக்ரான் என்று ஒழுங்காக வந்தது. கூரையின் இடது முன்பக்கம் மட்டும் 380, 410. தொழிற்சாலையில் அடிக்கும் பெயிண்ட் பொதுவாக 90-லிருந்து 150-க்குள் நிற்கும். 200-ஐத் தாண்டினாலே மறுபடி அடித்திருக்கிறார்கள் என்று சந்தேகிக்கலாம். 400 என்றால் பட்டி இல்லாமல் வராது.

அவர் அந்தக் காரை எங்கும் இடித்ததில்லை, எந்தப் பட்டறைக்கும் விட்டதில்லை. நடந்தது பிறகுதான் தெரிந்தது. கேரியர் லாரியில் மேல் தட்டில் முதல் வண்டியாக வந்திருக்கிறது. நம் பக்கத்து ரோட்டில் புளியமரக் கிளை எவ்வளவு தாழ்ந்து வரும் என்று உங்களுக்குத் தெரியும். கிளை கூரையில் இழுத்து நெளித்திருக்கிறது. டீலர் அதை லாரிக்காரரின் ரசீதில் குறித்து, போக்குவரத்து இன்ஷூரன்ஸில் பணமும் வாங்கி, தன் பட்டறையிலேயே டிங்கரிங் பார்த்து, முழு விலைக்கு விற்றுவிட்டார். வாங்கினவரிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால், 'பத்தாயிரம் குறைத்துக்கொள்ளுங்கள், எடுத்துக்கொள்கிறேன்' என்று அந்த ஆசிரியர் சந்தோஷமாக வாங்கியிருப்பார். அதுதான் எனக்கு இன்றைக்கும் வருத்தம். வண்டியில் பழுது பார்த்தது குற்றமே இல்லை. ஆயிரக்கணக்கான வண்டிகள் நகரும்போது நாலு வண்டி உரசத்தான் செய்யும். மறைத்ததுதான் தவறு.

இதே விஷயம் அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கிறது. அலபாமாவில் ஒரு மருத்துவர் புது பிஎம்டபிள்யூ கார் வாங்கினார். ஒன்பது மாதம் கழித்து, பளபளப்பேற்றும் கடைக்காரர் இது மறுபெயிண்ட் என்று கண்டுபிடித்துச் சொன்னார். வரும் வழியில் பெயிண்ட் கெட்டு, 601 டாலர் செலவில் மறுபடி அடித்திருக்கிறார்கள். விலையில் 3 சதவீதத்துக்குள் வரும் பழுதை டீலரிடம்கூடச் சொல்ல வேண்டாம் என்பது கம்பெனியின் கொள்கையாக இருந்தது. நடுவர் குழு 4,000 டாலர் நஷ்டஈடும், தண்டனையாக 40 லட்சம் டாலரும் விதித்தது. மாநில உச்ச நீதிமன்றம் தண்டனைத் தொகையை 20 லட்சமாக்கியது. 1996-ல் நாட்டின் உச்ச நீதிமன்றம் அதுவும் அளவு மீறியது என்று ரத்து செய்தது. கடைசியில் 50,000 டாலரில் நின்றது. தொகை இறங்கிக்கொண்டே வந்தாலும், மறைத்தது தவறு என்ற முடிவு இறங்கவில்லை.

இங்கே நமக்கு 3 சதவீதம், 5 சதவீதம் என்று எல்லை எதுவும் கிடையாது. ஆனால் 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், நேர்மையற்ற வணிக முறை எது என்று விளக்கும் இடத்தில், சீர்செய்த பொருளையும் பழைய பொருளையும் புதுசு என்று பொய்யாகக் காட்டி விற்பதை வெளிப்படையாகவே சேர்த்திருக்கிறது. உங்களுக்குக் காட்டுகிற 'கேன்சல் ஆன வண்டி' விஷயத்தில் இது முக்கியம். கேன்சல் ஆனது என்று சொல்லப்படும் வண்டி எத்தனை மாதம் யார்டில் நின்றது, டெஸ்ட் டிரைவுக்கு ஓடியதா என்று தெரியாது. 2021 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த ஒரு கோவா வழக்கில், 2011 மாடல் கேட்டவருக்கு 622 கிலோமீட்டர் ஓடின 2009 மாடலைப் புதுசு என்று கொடுத்திருந்தார் டீலர். டீலர் செய்தது கம்பெனிக்குத் தெரிந்தே நடந்தது என்று நிரூபிக்கப்படாததால் டாடா மோட்டார்ஸைப் பொறுப்பிலிருந்து விடுவித்தார்கள். டீலர் மீதான உத்தரவு நின்றது. அதாவது பெரிய கம்பெனி பெயரை நம்பி வாங்கினாலும், சண்டை போட வேண்டியது எதிரே உட்கார்ந்திருக்கும் டீலரோடுதான். அவர் கையெழுத்துப் போட்ட காகிதம் இல்லாவிட்டால் நீங்கள் வெறுங்கையோடு நிற்பீர்கள்.

வண்டியைப் பார்க்கும் விதத்தைச் சொல்கிறேன். நல்ல நாள் பார்த்து டெலிவரி எடுக்கும் அன்றைக்குப் பார்க்காதீர்கள். அன்று வீட்டுப் பெரியவர்கள் வந்திருப்பார்கள், மாலை போட்டிருப்பார்கள், சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் இருக்கும். அந்த நேரத்தில் குனிந்து பார்க்க யாருக்கும் மனசு வராது. பதிவு நடப்பதற்கு முன்னால், இரண்டு மூன்று நாள் முன்னதாக, பகல் வெளிச்சத்தில் யார்டுக்கே போய்ப் பாருங்கள். நம்பர் விழுந்துவிட்டால் வண்டி உங்கள் பெயரில் ஆகிவிடும், அப்புறம் 'மாற்றிக் கொடு' என்பது பெரும்பாடு. கையெழுத்துப் போடும் காகிதத்தில் இருக்கும் சேசிஸ் எண்ணும் வண்டியில் பொறித்திருக்கும் எண்ணும் ஒன்றுதானா என்று எழுத்து எழுத்தாக ஒப்பிடுங்கள். போட்டோவும் எடுத்துக்கொள்ளுங்கள்.

பானெட்டைத் தூக்கி, அதைத் தாங்கும் கீல் போல்ட்டுகளையும், இரண்டு பக்க ஃபெண்டர் போல்ட்டுகளையும் பாருங்கள். தொழிற்சாலையில் போல்ட்டை மாட்டிய பிறகுதான் பெயிண்ட் அடிப்பார்கள். அதனால் போல்ட் தலையிலும் அதைச் சுற்றியும் பெயிண்ட் ஒரே படலமாக இருக்கும். ஸ்பேனர் பட்டிருந்தால் மூலைகளில் பெயிண்ட் உடைந்து இரும்பு தெரியும். எனக்கு ஒரே நிமிஷம் கொடுத்தால் இதைத்தான் பார்ப்பேன். எல்லாக் கண்ணாடிகளின் மூலையிலும் தயாரித்த காலத்தைக் காட்டும் குறி இருக்கும். ஒன்று மட்டும் தனியாக வேறு வருஷமாக இருந்தால் காரணம் கேளுங்கள். டயரின் பக்கவாட்டில் நாலு இலக்க எண் இருக்கும், முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருஷம். 3225 என்றால் 2025-ன் 32-வது வாரம். வண்டியின் தயாரிப்பு மாதத்துக்குப் பின்னால் செய்த டயர் ஒன்று மாட்டியிருந்தால் அது மாற்றப்பட்டது. மேலே ஏறி நின்று கூரையைப் பாருங்கள். யாரும் பார்ப்பதில்லை, அந்த ஆசிரியரும் பார்க்கவில்லை. பெயிண்ட் மீட்டர் கைக்கு அடக்கமான கருவிதான், பழைய கார் வாங்கி விற்பவர்கள் பலரிடம் இருக்கும். ஒரு மணி நேரம் கடன் கேட்டு வாங்கிப் போங்கள். பம்பர் பிளாஸ்டிக் என்பதால் அதில் வேலை செய்யாது.

தண்ணீரில் நின்ற வண்டிக்குத் தனிச் சோதனை. 2015 டிசம்பரில் சென்னை மூழ்கிய பிறகும், 2018 நவம்பர் 16 அதிகாலை வேதாரண்யம் பக்கம் கஜா கரை கடந்த பிறகும், வாரக்கணக்கில் இப்படிப்பட்ட வண்டிகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். கஜாவில் பாதி வண்டி தென்னை விழுந்து நசுங்கியது, அதைச் சொல்ல சர்வேயர் வேண்டியதில்லை. தண்ணீர் புகுந்ததுதான் மறையும். சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுங்கள். சீட்டைக் கழுவுவார்கள், கார்ப்பெட்டை மாற்றுவார்கள், ஆனால் உருளைக்குள் சுருண்டிருக்கும் பெல்ட்டின் கடைசி ஒரு முழத்தைப் பெரும்பாலும் யாரும் கழுவுவதில்லை. அங்கே வண்டல் கோடு தெரியும். விரலால் தேய்த்தால் வாய்க்கால் மண் மாதிரி நைசாக ஒட்டும். சீட்டுக்கு அடியில் இருக்கும் போல்ட்டுகளில் துருவும் காட்டிக்கொடுக்கும்.

அப்புறம் பணம். 40,000 மட்டும் பிரச்சினை இல்லை, வரி, பதிவு, இன்ஷூரன்ஸ் எல்லாம் சேர்ந்த முழு ஆன்ரோடு கணக்கையும் பார்க்க வேண்டும். பெட்டியில் அடைத்து எம்ஆர்பி ஒட்டி விற்கும் பொருள் மாதிரி காருக்கு எம்ஆர்பி கிடையாது. கம்பெனி அறிவிக்கும் எக்ஸ்-ஷோரூம் விலைதான் உண்டு. அமெரிக்காவிலும் இப்படித்தான். 1958-ல் வந்த சட்டப்படி ஒவ்வொரு புதுக்கார் கண்ணாடியிலும் கம்பெனி பரிந்துரைக்கும் விலையை ஒட்ட வேண்டும். ஆனால் டீலர் அதற்கு மேல் கேட்கலாம். கேட்பதைப் பக்கத்திலேயே இன்னொரு ஸ்டிக்கராக ஒட்டிவிடுவார். 2021-22-ல் சிப் தட்டுப்பாட்டின்போது இது மிதமிஞ்சிப் போய், ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் தங்கள் டீலர்களையே எச்சரித்தன. அங்கே மேல்பணம் கண்ணுக்குத் தெரியும்படி ஒட்டியிருக்கும். இங்கே அதே பணம் வேறு பெயர்களில் பிரிந்து கொட்டேஷனுக்குள் ஒளிந்திருக்கும்.

9 லட்சம் எக்ஸ்-ஷோரூம் விலையுள்ள பெட்ரோல் கார் என்று வைத்துக்கொள்வோம். தமிழ்நாட்டில் 2023 நவம்பரிலிருந்து 5 முதல் 10 லட்சம் வரையிலான காருக்கு ஆயுட்கால வரி 13 சதவீதம், ஏறக்குறைய 1,17,000. (10 லட்சத்தைத் தாண்டினால் 18, 20 லட்சத்தைத் தாண்டினால் 20 சதவீதம். விலை 10 லட்சத்தை ஒட்டி இருந்தால் எந்த வேரியன்ட் என்பதை யோசித்து எடுங்கள், ஒரு படி மேலே போனால் வரியே எகிறிவிடும்.) பதிவுக் கட்டணம் 600 ரூபாய். கடனில் வாங்கினால் அதைக் குறிக்க 1,500. ஸ்மார்ட் கார்டு, சாலைப் பாதுகாப்பு வரி, ஃபாஸ்டேக் எல்லாம் சின்னத் தொகைகள். ஆகவே வரி போக 'ஆர்டிஓ செலவு' என்று 12,000, 15,000 போட்டிருந்தால் ரசீது கேளுங்கள். அரசுக்குக் கட்டியதற்கு ரசீது இல்லாமல் இருக்காது. 'ஹேண்ட்லிங் சார்ஜ்', 'லாஜிஸ்டிக்ஸ்' என்ற வரி இருந்தால் அதை நீக்கச் சொல்லுங்கள். தன் யார்டிலிருந்து தன் ஷோரூமுக்கு வண்டியைக் கொண்டுவருவது டீலரின் வேலை, அதற்கான லாபம் விலைக்குள்ளேயே இருக்கிறது.

அதிகம் பணம் போவது இன்ஷூரன்ஸில். நான் இருந்த தொழில் என்பதால் உள்ளே நடப்பது தெரியும். புதுக்காருக்கு மூன்று வருஷ மூன்றாம் நபர் காப்பீடு கட்டாயம். 1000 முதல் 1500 சிசி வரை அதற்கான பிரீமியம், 2022 ஜூனில் அரசு நிர்ணயித்தபடி, ஜிஎஸ்டி தவிர 10,640 ரூபாய். அதில் யாரும் குறைக்க முடியாது. மீதி, அதாவது நம் வண்டிக்கான காப்பீடு, அதில்தான் தள்ளுபடி உண்டு. அந்தத் தள்ளுபடியை உங்களுக்குக் கொடுப்பதா கமிஷனாக டீலரிடம் போவதா என்பதுதான் விஷயம். அதே கவரேஜுக்கு வெளியே ஒரு ஏஜெண்டிடம் கொட்டேஷன் வாங்கி மேசையில் வையுங்கள். பத்தாயிரம் வரை இறங்கி வருவதைப் பார்த்திருக்கிறேன். 'எங்ககிட்ட இன்ஷூரன்ஸ் போட்டாத்தான் டெலிவரி', 'இந்த ஆக்சசரி கிட் கட்டாயம்' என்று சொன்னால், ஒரு பொருளை வாங்க இன்னொன்றையும் வாங்கியாக வேண்டும் என்று கட்டாயப்படுத்துவதை அதே நுகர்வோர் சட்டம் 'தடைப்படுத்தும் வணிக முறை' என்று சொல்கிறது. அதை வாயால் சொல்லும் சேல்ஸ்மேன் எழுத்தில் தர மாட்டார். எழுத்தில் கேளுங்கள்.

இப்போது அந்த 40,000. அதை ரொக்கமாகக் கேட்பார்கள், பில்லில் வராது. பில்லில் வராத பணத்துக்கு பேங்க் கடன் கிடையாது. நாளைக்கு வண்டி முழுசாகப் போனாலும் இன்ஷூரன்ஸில் கிடைக்காது. ஏனென்றால் காப்பீட்டு மதிப்பு கம்பெனி அறிவித்த விலையிலிருந்து தேய்மானம் கழித்துத்தான் போடப்படும். புது வண்டிக்கே 5 சதவீதம் கழிவு. நீங்கள் மேலே கொடுத்தது அன்றைக்கே கரைந்த பணம். இதற்கு எதிர்ப்பக்கமும் தெரிந்துகொள்ளுங்கள்: டீலர் தன் லாபத்திலிருந்து தள்ளுபடி கொடுப்பதைக் கம்பெனி தடுக்கக் கூடாது என்று 2021 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் மாருதிக்கு 200 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. நிறுவனம் மேல்முறையீடு செய்தது. அது எப்படியானாலும், எக்ஸ்-ஷோரூம் விலைக்குக் கீழே பேச இடம் இருக்கிறது என்பது தெரிகிறது. தட்டுப்பாடு உள்ள மாடலுக்குத் தள்ளுபடி கிடைக்காது, சரி. ஆனால் மேலே கொடுக்கக் காரணமும் இல்லை. தஞ்சாவூர், திருச்சி, புதுக்கோட்டை மூன்று ஊரிலும் அதே மாடலுக்குக் கொட்டேஷன் வாங்குங்கள். எங்கே வாங்கினாலும் உங்கள் முகவரிக்கு உரிய திருவாரூர் எண்ணிலேயே பதியலாம். நமக்குத் திருச்சி போய்வர ஒரு பகல் செலவு, அவ்வளவுதான்.

டிராக்டர் வாங்குகிறவர்களுக்கும் இதில் ஒரு வார்த்தை. 2025 செப்டம்பர் 22 முதல் டிராக்டருக்கு ஜிஎஸ்டி 12-லிருந்து 5 சதவீதமாகிவிட்டது. சின்னக் கார்களுக்கு 18 சதவீதம். வரி குறைந்த பிறகும் பழைய விலைப்பட்டியலைக் காட்டினால், வரி எத்தனை சதவீதம் என்று பில்லில் தனியாகப் போடச் சொல்லுங்கள். குறுவை அறுத்த கையோடு போய் நிற்கிறவரிடம் யாரும் அந்த விவரத்தைத் தானாகச் சொல்வதில்லை.

மீறி ஏமாற்றினால்: முதலில் கம்பெனியின் மண்டல அலுவலகத்துக்கு மெயில். டீலருக்குக் கொஞ்சமாவது பயம் இருப்பது அங்கேதான். அடுத்து 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண். அதற்கும் மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 50 லட்சம் வரையிலான வழக்கு அங்கேயே முடியும். டீலர் திருச்சியில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்தில் போடலாம். இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும். கும்பகோணத்து ஆசிரியர் அவ்வளவு தூரம் போகவில்லை. மீட்டர் அளவுகளைப் போட்டோவோடு இணைத்து மண்டல அலுவலகத்துக்கு எழுதினார். மூன்று வாரத்தில் டீலரே வீட்டுக்கு வந்து, கூரையைச் சரிசெய்து கொடுத்து, ஒரு தொகையும் கொடுத்துவிட்டுப் போனார்.

நீங்கள் இன்றே டீலருக்கு வாட்ஸாப்பிலும் மெயிலிலும் அனுப்ப வேண்டியதை எழுதித் தருகிறேன், பெயரும் எண்ணும் மட்டும் நிரப்பிக்கொள்ளுங்கள்:

"என் புக்கிங் எண் இது. எனக்கு முதலில் ஒதுக்கிய வண்டியின் சேசிஸ் எண்ணையும், இப்போது தருவதாகச் சொல்லும் வண்டியின் சேசிஸ் எண், தயாரித்த மாதம், ஓடிய கிலோமீட்டர் ஆகியவற்றையும் தெரிவிக்கவும். இந்த வண்டிக்குப் போக்குவரத்திலோ யார்டிலோ சேதம் ஏற்பட்டுப் பழுது பார்க்கப்பட்டதா என்பதை எழுத்தில் உறுதி செய்யவும். கூடுதலாகக் கேட்கும் 40,000 ரூபாய் எந்தத் தலைப்பில், எந்த பில்லில் வரும் என்று தெரிவிக்கவும். பதிவுக்கு முன் வண்டியை நேரில் பார்க்க நாள் சொல்லவும்."

பதில் வரும்வரை மீதிப் பணத்தைக் கட்டாதீர்கள், பேங்க்கிடமும் டீலருக்கு டிஓ (வண்டியைக் கொடுக்கச் சொல்லும் டெலிவரி ஆர்டர்) கொடுக்க வேண்டாம் என்று சொல்லிவையுங்கள். சேசிஸ் எண் வந்ததும் இங்கே தெரிவியுங்கள். தஞ்சாவூர் யார்டு என்றால் மீட்டரை எடுத்துக்கொண்டு நானே ஒரு நாள் காலையில் வருகிறேன்.